வக்கீல் படிப்பில் இத்தனை வகையா? நம்ம பிள்ளைகளுக்கு எது சரி?



பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மாதம் என்றால் போதும். குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல், தீர்மானம் எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "எம் பிள்ளை இவ்வளவு மார்க் எடுத்திருக்கா, என்ன படிக்க வைக்கலாம்?" முன்பெல்லாம் நர்சிங், பி.காம்., டீச்சர் டிரெயினிங் என்று மூன்றோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போனால், "வக்கீலுக்குத்தான் படிப்பேன்னு நிக்கிறா" என்று சொல்லும் அம்மாக்களையும் பார்க்கிறோம். கூடவே ஒரு குழப்பமும் வருகிறது. "பி.ஏ. எல்.எல்.பி.ங்கிறாங்க, பி.காம். எல்.எல்.பி.ங்கிறாங்க, கம்ப்யூட்டரும் வக்கீலும் சேந்த படிப்புன்னு வேற சொல்றாங்க. இதுல எதுல சேத்தா நல்ல வக்கீலா வருவா?"

நியாயமான கேள்வி. ஐந்து வருடம் படிக்க வைக்கப் போகிறோம். குழுவில் கடன் வாங்கித்தான் படிக்க வைக்கப் போகிறோம். தெரிந்துகொண்டு செய்வதுதான் நல்லது.

முதலில், பட்டாசுக் காட்டில் இருக்கிற நமக்கு வக்கீல் படிப்பு எதுக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவகாசியில் பிள்ளைகள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேலைக்குப் போன காலத்தை நம்மில் பலர் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருந்தவர்களும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அந்த விஷயத்தை சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போனவர் எம்.சி.மேத்தா என்ற டெல்லி வக்கீல். அந்த வழக்கில்தான் 1990-ல், ஆபத்தான இந்த வேலையில் இருக்கும் தொழிலாளிக்கு 50,000 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் செய்ய வேண்டும் என்று கோர்ட் சொன்னது. 1996 டிசம்பர் 10-ம் தேதித் தீர்ப்பில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று வந்தது. நம்ம ஊர் பிள்ளைகளுக்காக டெல்லியிலிருந்து ஒருத்தர் வாதாடினார், நல்லது. அந்த இடத்தில் நம்ம ஊர் பிள்ளையே நின்றால் இன்னும் நல்லது, இல்லையா?

இனி படிப்புக்கு வருவோம்.

ஒரே படிப்பில் இரண்டு பட்டம்

வக்கீல் ஆக இரண்டு வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவுடன் நேராக ஐந்து வருடப் படிப்பில் சேரலாம். அல்லது ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்று வருட எல்.எல்.பி. படிக்கலாம். பழைய ஆட்கள் பி.எல். என்று சொல்வார்களே, அதன் இன்றைய பெயர்தான் எல்.எல்.பி.

ஐந்து வருடப் படிப்பு முடித்தால் இரண்டு பட்டம் சேர்ந்து வரும். முதல் பட்டம் பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. என்று வேறு வேறாக இருக்கும். இரண்டாவது எல்லாருக்கும் எல்.எல்.பி.தான். நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: சட்டப் பாடம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. கான்ட்ராக்ட், குற்றவியல் சட்டம், சொத்துச் சட்டம், குடும்பச் சட்டம், அரசியலமைப்பு, தொழிலாளர் சட்டம், சாட்சியச் சட்டம், வழக்கு நடத்தும் முறை என்று கட்டாயப் பாடங்களை இந்திய பார் கவுன்சில் வகுத்து வைத்திருக்கிறது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அதை நடத்தியாக வேண்டும். கோர்ட் போல வைத்து வாதாடிப் பழகுவதும் அதில் உண்டு. வித்தியாசம் முதல் இரண்டு வருடத்தில் அதிகம் வரும் அந்தக் கூடுதல் பாடங்களில்தான். பி.ஏ.வில் அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல், வரலாறு மாதிரி பாடங்கள் வரும். பி.காமில் கணக்குப் பதிவியல், தணிக்கை, வரி வரும். பி.பி.ஏ.வில் நிர்வாகம், பி.சி.ஏ.வில் கம்ப்யூட்டர்.

ஆகவே பி.ஏ. எல்.எல்.பி. படித்தவர் சின்ன வக்கீல், பி.காம். எல்.எல்.பி. படித்தவர் பெரிய வக்கீல் என்று ஒன்றும் இல்லை. கருப்பு அங்கி எல்லாருக்கும் ஒன்றுதான். எந்த வகை படித்தவரும் எந்த வழக்கும் நடத்தலாம்.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. கேஸ் கையில் வரும்போது அது தெரியும். நம்ம ஏரியா விஷயத்தை வைத்தே சொல்கிறோம்.

கணக்கு தெரிந்த வக்கீல்

விபத்தில் ஒரு தொழிலாளி இறந்துபோனால் குடும்பத்துக்கு நட்டஈடு கணக்கிட ஒரு முறை இருக்கிறது. 1923-ம் வருட தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்திலிருந்து வருகிற முறை அது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. கணக்குப் போடும் விதம் மட்டும் அதே மாதிரிதான். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, அவர் வயதுக்கு என்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறையக் குறைய அந்த எண் கூடும். 35 வயதுக்கு அந்த எண் 197.06.

சரம் பின்னுகிற ஒரு சகோதரி என்று வைத்துக்கொள்வோம். வயது 35. பீஸ் கணக்கில் வாங்கினாலும் மாதம் சராசரி 12,000 ரூபாய் கையில் வருகிறது. பாதி 6,000. அதை 197.06 ஆல் பெருக்கினால் 11,82,360 ரூபாய். ஆனால் சம்பளப் பதிவேட்டில் 6,000 ரூபாய் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்போது பாதி 3,000. பெருக்கினால் 5,91,180 ரூபாய். உயிர் ஒன்றுதான், வயது ஒன்றுதான். நோட்டில் எழுதின ஒரு எண்ணால் குடும்பத்துக்குப் போக வேண்டிய பணத்தில் சரிபாதி போய்விடுகிறது. (இ.எஸ்.ஐ.யில் பதிவு இருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகை தனி வழி. அதிலும் பதிவேட்டுச் சம்பளம்தான் அடிப்படை.)

இந்த இடத்தில் உண்மையான சம்பளத்தை நிரூபிக்க ஆள் வேண்டும். வாரச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, வங்கிப் பாஸ்புக், எவ்வளவு சரக்கு போனது, அந்தச் சரக்கைச் செய்ய எத்தனை ஆள் வேண்டும் என்று ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்க்க வேண்டும். பி.காம். எல்.எல்.பி. படித்தவருக்கு இந்தக் கண் சீக்கிரம் வரும். குழுவில் கணக்கு எழுதுகிற நமக்கே இது புரியும்: வரவு ஒரு பக்கம் இடித்தால் செலவில் எங்கோ தப்பு இருக்கிறது. குத்தகை, சீட்டு, வங்கிக் கடன், ஜி.எஸ்.டி. விவகாரங்களிலும் இந்தப் படிப்பு கைகொடுக்கும். சிவகாசி அச்சகம், பட்டாசு, தீப்பெட்டி எல்லாம் வியாபார ஊர் ஆயிற்றே, கணக்கு தெரிந்த வக்கீலுக்கு வேலை இல்லாமல் போகாது.

அதனால் எல்லாரும் பி.காம். எல்.எல்.பி.யில் சேருங்கள் என்று சொல்ல வரவில்லை. பிளஸ் டூவில் கணக்குப் பதிவியல் படித்து, அது பிடித்த பிள்ளைக்கு அது நல்ல வழி. பிடிக்காத பிள்ளையை அதில் தள்ளினால் இரண்டு வருடம் வீணாகத் திணறும்.

பி.ஏ. எல்.எல்.பி.யை லேசாக நினைக்க வேண்டாம். நம்மிடம் வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை எவை? ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, சொத்தில் பெண்ணுக்குப் பங்கு, பட்டா, பஞ்சாயத்தில் தகராறு, நூறு நாள் வேலைக் கூலி. இவற்றில் எதிரில் நிற்கிற மனிதரையும், அரசு அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதையும் புரிந்துகொள்வதுதான் பாதி வேலை. அதற்கு அரசியல் அறிவியலும் சமூகவியலும் உதவும். செலவு குறைவு என்பது இன்னொரு காரணம், அதைப் பின்னால் சொல்கிறோம்.

பி.சி.ஏ. எல்.எல்.பி., செல்போன் மோசடி, ஆன்லைன் கடன் ஆப், போட்டோவை மாற்றி மிரட்டுவது போன்ற சைபர் வழக்குகளில் உதவும். பி.பி.ஏ. எல்.எல்.பி. கம்பெனிகளில் சட்ட வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு. கிராமத்தில் இருந்து முதல் முறையாகப் போகும் பிள்ளைக்கு அதைத்தான் எடு என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

நம்ம பகுதிக்கு உண்மையில் தேவைப்படுவது விஞ்ஞானமும் சட்டமும் சேர்ந்த படிப்பு. 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரைதான் என்று சொன்னபோது எத்தனை பேருக்கு வேலை போனது என்று நமக்குத் தெரியும். பேரியம் என்றால் என்ன, அதற்குப் பதில் எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று வேதியியலும் தெரிந்து சட்டமும் தெரிந்த ஆள் நம் பக்கத்தில் இருந்திருந்தால் தொழிலாளி தரப்பையும் எடுத்துச் சொல்லியிருக்கலாம். குஜராத் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. எல்.எல்.பி. கொண்டுவந்தார்கள். சமூகப் பணியும் சட்டமும் சேர்ந்த பி.எஸ்.டபிள்யூ. எல்.எல்.பி.யும் அங்கே வந்தது. சமூகப் பணி படித்த எங்களுக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் சாத்தூரில் இருந்து காந்திநகர் தூரம். விஞ்ஞானம் பிடித்த பிள்ளை பக்கத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மூன்று வருட எல்.எல்.பி.க்குப் போகலாம். பலன் அதேதான். என்ஜினியரிங் முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்குக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள்.

ஐந்து வருடப் படிப்பில் இரண்டு பட்டம் என்று சொன்னோம். மூன்று வருடம் படித்துவிட்டு நின்றால் பி.ஏ.வாவது கிடைக்குமா? கிடைக்காது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் வருட சட்டக் கல்வி விதிகளில், நடுவில் சேருவதும் நடுவில் ஒரு பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே போவதும் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஐந்து வருடமும் முடித்தால் இரண்டு பட்டம். நாலரை வருடத்தில் நின்றால் கையில் பிளஸ் டூ சர்ட்டிபிகேட்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். பையனாக இருந்தால் பிரச்சினை குறைவு. பெண் பிள்ளை மூன்றாம் வருடம் படிக்கும்போது "நல்ல இடம் வந்திருக்கு, தாய்மாமன் வீட்டுல கேக்கிறாங்க, படிப்பைக் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆரம்பிப்பார்கள். கல்யாணமாகி ஊர் மாறி, பிறகு பிள்ளை பிறந்து, அந்த "அப்புறம்" வராமலே போகிறது. மற்ற டிகிரியில் மூன்றாவது வருடம் முடிந்து கல்யாணம் செய்தால் பட்டமாவது மிஞ்சும். இதில் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே ஐந்து வருடப் படிப்பில் சேர்க்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது பி.ஏ.வா பி.காமா என்பது அல்ல. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது வரை கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று அப்பா, தாய்மாமன், பாட்டி எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்களா என்பதைத்தான். அந்த உறுதி கிடைத்தால் ஐந்து வருடம் சரியான வழி, ஒரு வருடம் மிச்சம். கிடைக்காது என்று மனசு சொன்னால், பக்கத்துக் கல்லூரியில் மூன்று வருட டிகிரி, பிறகு மூன்று வருட எல்.எல்.பி. என்று போகலாம். மொத்தம் ஆறு வருடம், ஒரு வருடம் கூடுதல்தான். ஆனால் பாதியில் நின்றாலும் ஒரு பட்டம் கையில் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகும் எல்.எல்.பி.யை எடுத்துப் படிக்கலாம். எங்கள் கருத்து என்ன என்று கேட்டால், முதல் உறுதியைப் போராடி வாங்குங்கள் என்போம். அந்த ஆறு வருட வழி பயத்தினால் எடுக்கிற வழி. ஆனால் பயத்துக்குக் காரணம் இருக்கும்போது அதைத் தப்பு என்று சொல்ல நாங்கள் யார்?

எங்கே சேர்ப்பது, எவ்வளவு ஆகும்

அரசு சட்டக் கல்லூரிகளில் நமக்குப் பக்கம் மதுரையும் திருநெல்வேலியும். ராமநாதபுரத்தில் 2017-லும், தேனியில் 2019-லும், காரைக்குடியில் 2022-லும் அரசு சட்டக் கல்லூரி வந்தது. இங்கே ஐந்து வருடம் என்றால் பி.ஏ. எல்.எல்.பி. மூன்று வருட எல்.எல்.பி.யும் உண்டு. கல்விக் கட்டணம் இருப்பதிலேயே குறைவு இங்கேதான். நம்ம வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். மதுரை என்றால் ஹைகோர்ட் கிளையும் அதே ஊரில் இருக்கிறது. 2004 ஜூலையில் அது வந்ததிலிருந்து நம்ம மாவட்ட வழக்குகள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. படிக்கும்போதே அங்கே போய் வழக்கு நடப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் கல்லூரிகள் எல்லாம் சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவை. அந்தப் பல்கலைக்கழகமே தன் வளாகத்தில் சீர்மிகு சட்டப்பள்ளி என்று ஒன்றை நடத்துகிறது. பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. நான்கோடும் சேர்ந்த ஹானர்ஸ் படிப்பு அங்கேதான். ஹானர்ஸ் என்றால் ஒரு துறையில் கூடுதலாக எட்டுப் பாடம். கட்டணம் அரசு கல்லூரியைவிடப் பல மடங்கு, மார்க்கும் நிறைய வேண்டும், சென்னையில் தங்கும் செலவு வேறு. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர் எதில் சேரலாம் என்பதை அந்த வருட விண்ணப்பக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சலிங். பார் கவுன்சில் வைத்திருக்கும் குறைந்தபட்ச மார்க் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40. இது விண்ணப்பம் போடத் தகுதி மட்டும்தான். சீட் கிடைக்க இதைவிட அதிகம் வேண்டும். பல்கலைக்கழகமும் தனியாகக் கூடுதல் மார்க் கேட்கலாம்.

திருச்சியில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி. இரண்டும் உண்டு. படிப்பு தரமானது. ஆனால் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும், கிளாட் என்ற அகில இந்தியத் தேர்வு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்தத் தேர்வு சமீப வருடங்களில் டிசம்பர் மாதமே நடந்துவிடுகிறது. அதாவது பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே. ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் அந்த வருடம் போச்சு. பத்தாவதிலேயே நன்றாக ஆங்கிலம் வருகிற பிள்ளை என்றால் இப்போதே சொல்லி வையுங்கள்.

தனியார் சட்டக் கல்லூரிகளும் இருக்கின்றன. பணம் கட்டும் முன் இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இந்த வருடம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு இருந்தால் போதாது, அந்தப் படிப்புக்கு இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு

2021-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு. என்ஜினியரிங்குக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், சட்டப் படிப்புக்கும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். "ஒன்பதாவது மட்டும் இங்கிலீஷ் மீடியம் பிரைவேட்ல போட்டுப் பாத்தோம், சரியா வரல, திரும்பக் கொண்டாந்து கவர்மெண்ட்ல போட்டோம்" என்று சொல்லும் வீடுகள் நம்மிடம் நிறைய. அந்த ஒரு வருடத்தால் இந்தச் சலுகை கைவிட்டுப் போகும். ஆறாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதை இன்றைக்கே நினைவில் வையுங்கள். குடும்பத்தில் யாரும் டிகிரி படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் முன்கூட்டியே மனு கொடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் பெயர் எழுத்து மாறாமல் ஆதாரோடு ஒத்திருக்க வேண்டும். அப்பா இனிஷியலில் ஒரு எழுத்து மாறினாலும் கவுன்சலிங் நாளில் அலைய வேண்டிவரும்.

பணம் போதாவிட்டால் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். வங்கியில் கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் உண்டு. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் மனதில் வையுங்கள். மேனேஜர் இழுத்தடித்தால் கூட்டமைப்பில் சொல்லுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

ஏமாறக் கூடாத இரண்டு இடம்

தபால் வழியில் வக்கீலுக்குப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வக்கீல் தொழில் செய்யத் தகுதியான எல்.எல்.பி. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பது மட்டும்தான். பி.ஜி.எல். என்று தபாலில் நடத்திய ஒரு சட்டப் படிப்பு உண்டு. சட்டம் தெரிந்துகொள்ள உதவும், அதை வைத்துக் கோர்ட்டில் ஆஜராக முடியாது.

இரண்டாவது, பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போய், பத்தாவதும் பிளஸ் டூவும் முறையாக முடிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி வாங்கியவர்கள். அந்த டிகிரியை வைத்து எல்.எல்.பி. சேர முடியாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. பத்து, பிளஸ் டூ, பிறகு டிகிரி என்று வரிசையாக இருக்க வேண்டும். வரிசை சரியாக இருந்தால், அவற்றைத் தனித்தேர்வராகவோ தபால் வழியிலோ முடித்திருந்தாலும் பரவாயில்லை.

படித்து முடித்த பிறகு

பட்டம் வந்ததும் தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு முன்பு பல மாநிலங்களில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட், சட்டத்தில் சொன்னதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுவானவர்களுக்கு 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். அதன் பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்றில் பாஸாக வேண்டும்.

ஆனால் உடனே சம்பாத்தியம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இரண்டு மூன்று வருடம் பஸ் காசுக்கே சிரமப்படும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஐந்து வருடப் படிப்புச் செலவோடு அந்த மூன்று வருடத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நீதிபதித் தேர்வு எழுத வேண்டுமானாலும் மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அரசு வழக்கறிஞர் பணி, வங்கி, கம்பெனிகளில் சட்ட அலுவலர் வேலை என்று வேறு வழிகளும் உண்டு.

ஆங்கிலம் வராதே என்று பயப்படும் பிள்ளைக்கு ஒன்று சொல்லுங்கள். தீர்ப்புகளும் புத்தகங்களும் பெரும்பாலும் ஆங்கிலம்தான், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுகளில் சாட்சி சொல்பவரும் குறுக்கு விசாரணை செய்பவரும் பேசுவது தமிழ்தான். நம்ம ஊர் பேச்சு தெரிந்த வக்கீலுக்கு அங்கே மதிப்பு உண்டு.

"பிள்ளைக்குச் சரி, எங்களுக்கு?" என்று திருத்தங்கல் பக்கம் ஒரு ஊக்குநர் கேட்டார். டிகிரி முடித்த உறுப்பினர் என்றால் மூன்று வருட எல்.எல்.பி. பற்றி யோசிக்கலாம். டிகிரி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாம். வாதாட முடியாது, ஆனால் மனு எழுத, வழி காட்ட, ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போகப் பயிற்சி தருவார்கள். இன்னொன்று, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும் என்று 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மார்க் லிஸ்ட், மாற்றுச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றின் ஜெராக்ஸ் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். முடிந்தால் அவள் அப்பாவையும்.